வெயிலில் வைத்த கலர்

நேற்று காலை ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். உன் பிறந்த வீட்டு வகைச் சொந்தம், போகாவிட்டால் பேச்சு வரும். மண்டப வாசலில் இப்போதைய நாகரிகப்படி ஒரு தகரத் தொட்டி நிறைய ஐஸைக் கொட்டி, கோலி பாட்டில்களைக் கழுத்தளவு புதைத்து வைத்திருந்தார்கள். பழைய காலத்துச் சாமான் என்று ஆளாளுக்கு அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சோடாக்காரர் மகளான எனக்கு அதில் என்ன அதிசயம்? ஆனால் யாரோ ஒரு பாட்டிலை உடைத்ததும் பன்னீர் வாசனை வந்தது பார், அதுதான் என்னை அசைத்துவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது உன் மகள் வந்தாள். சாத்தான்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாளாம். தொட்டிக்குள் கையை விட்டு இரண்டு பாட்டில் எடுத்தாள். உடைக்கவில்லை. முந்தானையால் ஈரத்தைத் துடைத்து, வாசல் படிக்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து இரண்டையும் நிறுத்தினாள். சுற்றி நின்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. "குளுரு போகட்டும் அத்தை, பொறவு குடிப்போம்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

எனக்கு ஒரு விஷயம் தொண்டை வரை வந்தது. உனக்கும் எனக்கும் என் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். நீ போய் எட்டு மாதம். இப்போது அது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. வாயைத் திறந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "ரொம்ப நேரம் வைக்காதம்மா, வெடிச்சிரும்" என்றேன்.

அது என் அப்பா சொன்ன வார்த்தை. உங்கள் வீட்டில், முதல் முதலாக வந்த அன்றைக்கு.

உனக்கு ஞாபகம் இருக்கும். எழுபத்தொன்று பங்குனியில் உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். எனக்கு இருபது, உனக்குப் பதினேழு. தூத்துக்குடியில் புது ஹார்பர் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். உன் அண்ணன் கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீசில் கிளார்க். வீட்டுக்கு நேர் எதிரே பஞ்சுப் பொதி அடுக்கும் கிட்டங்கி. வண்டி வந்து பொதி இறங்குகிற நாளில் கொடியில் காயும் சேலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு நரைத்துப்போய்க் கிடக்கும். கிட்டங்கிக்கு எதிரே வாடகை குறைவு, உன் அண்ணன் ஆபீசும் பக்கம். அதனால் யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

நான் வந்த வீடு வேறு மாதிரி. தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் அப்பா சோடாக் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஓர் ஓலைச் சாய்ப்பு, கையால் சுற்றுகிற ஒரு மிஷின், ஒரு கேஸ் சிலிண்டர், அவ்வளவுதான். தூத்துக்குடி மீன் லாரி போகிற வழியில் தினமும் ஒரு ஐஸ் பாளத்தை இறக்கிப்போட்டுவிட்டுப் போகும். அதை உமிக்குள் புதைத்து ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைப்போம். திருநெல்வேலி ரோட்டில் வெயிலில் வருகிறவர்கள் அந்தச் சாக்கைப் பார்த்தாலே சைக்கிளை நிறுத்துவார்கள். எனக்குச் சோற்றில் உப்பு குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன், தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ ஒரு மண்பானைகூடக் கிடையாது. பித்தளைத் தவலைத் தண்ணீர்தான். சித்திரை வெயிலில் அது குளிக்கிற பதத்துக்கு இருக்கும். மண்பானை வாங்கலாமா என்று ஒரு நாள் உன் அம்மாவிடம் கேட்டேன். "அது இந்த வீட்ல பழக்கமில்லம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். மோரும் அப்படித்தான், வருகிறவர்களுக்கு வாங்கி வைக்கிற கலரும் அப்படித்தான். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். இப்போது சொல்கிறேன், அப்போது உன் அண்ணனிடமும் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தச் சித்திரையில்தான் அப்பா என்னைப் பார்க்க வந்தார். ஒரு பெட்டி கலர் சோடா. பன்னீர், ஆரஞ்சு, இஞ்சி என்று எல்லாவற்றிலும் கலந்து எடுத்து, உமியும் ஐஸுமாக அடைத்து, பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தார். மகள் வீட்டுக்கு முதல் தடவையாகத் தன் கைச்சரக்கைக் கொண்டுவருகிற பெருமை முகத்தில் வழிந்தது. அத்தை, அதான் உன் அம்மா, பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். "ஐஸா?" என்றார்கள். பிறகு ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துத் துடைத்து, பின்வாசலில் துவைக்கிற கல்மேல் வெயிலில் வரிசையாக அடுக்கினார்கள். அப்பா பாதி எழுந்துவிட்டார்.

"சம்பந்தியம்மா, கலர வெயில்ல வச்சா வெடிச்சிருமே!"

"வெடிக்காது அண்ணாச்சி. குளுரு போனதும் எடுத்துருவேன். எங்க வீட்டுப் பழக்கம் அது."

அரை மணி நேரம் கழித்து, அப்பாவுக்கு அவருடைய கலரையே வெதுவெதுவென்று கொடுத்தார்கள். அவர் இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கீழே வைத்தார். "அப்ப நான் வாரேம்மா" என்று காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். வாசல் தாண்டும்போது பெட்டி அடியில் மிச்சமிருந்த ஐஸ் உருகித் தரையில் சொட்டிக்கொண்டே போனது. நான் அடுப்படியில் போய் அழுதேன். அவமானப்படுத்த வேண்டுமென்றே செய்தார்கள் என்று நினைத்து அழுதேன்.

நீதான் வந்தாய். கையில் அப்பாவின் பன்னீர் கலர், பாதி குடித்தது. "மதினி, உங்க அப்பா கலரு எவ்ளோ ருசியா இருக்கு! வெயில்ல வெந்தே இந்த ருசின்னா, குளுந்து குடிச்சா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாய். கேலி செய்கிறாய் என்று உன்னை முறைத்தேன். உன் முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே உனக்குத் தெரியாமல்தான் கேட்டாய். அந்த ஒரு கேள்வியில்தான் நீ எனக்கு நாத்தனார் என்பதுபோய் ஓர் உடன்பிறப்பு மாதிரி ஆனாய். அதே கேள்விதான் என்னைக் கெட்ட வேலையும் செய்ய வைத்தது.

ஆடியில் பனிமய மாதா கோயில் தேர். ஊரே திரண்டு போகும், சாமி எது என்று யாரும் பார்ப்பதில்லை. நாம் இருவரும் போனோம். சர்பத் கடையில் ஐஸைச் சீவி நன்னாரி ஊற்றிக் கொடுத்தான். நீ கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாய். "நெத்தி வலிக்கி மதினி" என்று சொல்லிச் சிரித்தாய். இன்னொன்று வாங்கித் தந்தேன். உங்கள் வீட்டுப் பழக்கத்தை உடைத்துவிட்ட சந்தோஷம் எனக்கு. உண்மையைச் சொன்னால், உன் ஆசையைவிட என் வீம்புதான் அதில் அதிகம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் உனக்கு மூச்சு இழுப்பு வந்தது. அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. உனக்கு அடிக்கடி சளி, தடுமல் பிடிக்கும் என்றுதான் என்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள். நீ சுவரோடு குனிந்து உட்கார்ந்திருந்தாய், ஒவ்வொரு மூச்சும் ஓட்டைத் துருத்தி மாதிரி சத்தம் போட்டது. அத்தை துணியைச் சூடு காட்டி உன் முதுகில் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். "ஏளா, என்னத்தத் தின்ன? சொல்லுளா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நீ மூச்சுக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னாய்: "தேர்க் கூட்டம்... தூசி." சொல்லிவிட்டு உன் அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, தலையை லேசாக, இல்லை என்பது மாதிரி அசைத்தாய். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கச் சொன்ன பொய் அது.

மறுநாள் விடிந்து நீ அசந்து தூங்கிய பிறகு, உன் அண்ணன் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். உனக்கு ஒன்பது வயதில் குச்சி ஐஸ் தின்ற அன்றைக்கு முதல் தடவையாக இழுப்பு வந்து, பிழைப்பாயா என்று ஆகிவிட்டதாம். "அவள மட்டும் குடிக்காதன்னு சொன்னா புள்ள ஏங்கிரும்லா? அதனால அன்னையோட நாங்க எல்லாரும் விட்டுட்டோம். வாரவங்களுக்கும் குடுக்கதில்ல, அவ கண்ணுல படக் கூடாதுன்னு. இழுப்புன்னு வெளிய சொன்னா நாளைக்கு அவளக் கெட்டிக்குடுக்கது எப்பிடி? பழக்கம்னு சொல்லிக்கிடுதோம்." கட்டி வந்தவளிடம்கூட ஐந்து மாதம் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. துவைக்கிற கல்மேல் வரிசையாக நின்ற அந்தப் பாட்டில்கள்தான் கண்ணில் நின்றன. என் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆவணியில் அம்மா வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் மிஷினைச் சுற்றிக்கொண்டிருந்தார். அடுத்த தடவை உங்கள் வீட்டுக்கு வந்தபோது பெட்டியில் ஐஸ் இல்லை. பாட்டில் கழுத்திலெல்லாம் ஒரு சணல் கயிறு கட்டியிருந்தது. என்னைத் தனியாக அழைத்து, "கயிறு கெட்டுனது கேஸ் கொறச்சி அடிச்சது. சம்பந்தியம்மா வெயில்ல வச்சாலும் வெடிக்காது. நீ சொல்லிக்கிடாத" என்றார். ஐஸ் இல்லை என்றாலும் அத்தை விடுவார்களா? பஸ்ஸில் வந்த காற்றுக் குளிர்ச்சிகூட ஆகாதென்று அதையும் கொஞ்ச நேரம் கல்மேல் வைத்தார்கள். அப்பா இந்த முறை எழுந்திருக்கவில்லை. முழுப் பாட்டிலையும் குடித்தார். அதன் பிறகு அத்தை அடிக்கடி என்னிடம் சொல்வார்கள்: "உங்க அப்பா கலருல இப்பல்லாம் முன்ன மாதிரி சுர்ருன்னு இல்லியே, வயசாயிட்டோ?" கயிற்று ரகசியத்தை உன்னிடம் மட்டும் சொல்லியிருந்தேன், நீ அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவாய்.

நானும் மாறிப்போனேன். பாதியில் மதம் மாறியவர்களுக்குத்தான் பக்தி அதிகம் என்பார்களே, அந்தக் கதை. உன் அண்ணனின் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் ஒரு துண்டு ஐஸ் கிடைக்குமா என்று கேட்டபோது, அத்தை வாயைத் திறக்கும் முன்னே "எங்க வீட்ல பழக்கமில்லைங்க" என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான்.

மூன்று வருஷம் கழித்து உனக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு எடுத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை பெரிய டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று திருநெல்வேலிக்கு உன்னை நான் கூட்டிப்போனேன். அந்த டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்னால் கேள்வியாகக் கேட்டார். எப்போது வருகிறது, எந்த மாதத்தில் அதிகம், வீட்டுப் பக்கத்தில் என்ன இருக்கிறது. கிட்டங்கி என்று நீ சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். ஐஸ் தின்று வந்தது என்றாயே, அந்த இரண்டு நாளும் வேறு என்ன நடந்தது என்றார். யோசித்துப் பார்த்தால் ஒன்பது வயதில் அந்தக் குச்சி ஐஸை வாங்கித் தந்ததே கிட்டங்கியில் பொதி இறக்கிய ஆள். பொதிமேல் உட்கார்ந்து தின்றிருக்கிறாய். தேர் அன்றைக்கோ, நீ சொன்ன பொய்தான் உண்மை. "பஞ்சும் தூசியும்மா. ஐஸுக்கும் உனக்கும் சண்டை கிடையாது. நம்பிக்கை இல்லன்னா குடிச்சுப் பாரு" என்று சிரித்தார்.

ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடையில் ஐஸ் போட்ட ரோஸ் மில்க் வாங்கினோம். நீ குடித்தாய். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம், டாக்டர் கொடுத்த மாத்திரைப் பொட்டலத்தை நான் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. தூத்துக்குடி பஸ் ஒன்று போனது, இரண்டு போனது, மூன்றாவதும் போனது. உன் மூச்சு உன் பாட்டுக்கு வந்து போனது. நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாய்.

"மதினி, இத வீட்ல சொல்லிராதீக."

"பைத்தியமா உனக்கு? இதவிட நல்ல சேதி வேற என்ன இருக்கு?"

"அம்மாவுக்கு ஐஸ்னா உயிரு மதினி. அப்பா இருக்கும்போது பீச்சுக்குக் கூட்டிட்டுப் போயி சர்பத் வாங்கிக் குடுப்பாகளாம், அம்மா ஐஸக் கடிச்சித் திம்பாளாம். பதினோரு வருசமா ஒரு துண்டு வாயில போடல. அப்பா போன பொறவு அவளுக்கு இருந்த ஒரே ஆச அது. அதயும் எனக்காக விட்டா. இப்பப் போயி, அதெல்லாம் வேண்டாத வேலம்மா, எதுக்கால கெடந்த பஞ்சத்தான் நீ பாக்காம விட்டுட்டன்னு எப்பிடிச் சொல்ல?"

நான் ஒப்புக்கொள்ளவில்லை. சொன்னால் இன்றைக்கே அத்தை ஐஸ் தின்னலாமே என்பது என் கட்சி. சொன்னால் அன்றைக்கே உடைந்துபோவாள் என்பது உன் கட்சி. பஸ் தூத்துக்குடி வந்து சேரும் வரை சண்டை போட்டோம். கடைசியில் உன் வழிக்கே வந்தேன். பஞ்சுத் தூசியும் ஆகாது, வீட்டை மாற்றச் சொன்னார் என்று மட்டும் வீட்டில் சொன்னேன். கடற்கரைப் பக்கம் வேறு வீடு பார்த்துப் போனோம். இழுப்பு குறைந்தது. "கெட்டுப்பாடா இருந்ததுக்குப் பலன் கெடைக்குது பாத்தியா" என்று அத்தை சொன்ன அன்றைக்கு நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடுத்த பங்குனியில் சாத்தான்குளத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர் என்று விசாரித்திருந்தோம். அவருடைய அம்மாவைத்தான் எல்லோருக்கும் பயம். அந்த அம்மாள் பஸ்ஸில் வெந்து வந்திருந்தார்கள். நான் கொண்டுபோய் வைத்த கலரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஐஸ் போட்டுக் குடுங்களேன், நாக்கு வறண்டு போச்சு" என்றார்கள்.

"எங்க வீட்ல அது பழக்கமில்ல மதினி" என்றார்கள் அத்தை.

"தூத்துக்குடியில இருந்துக்கிட்டு ஐஸ் பழக்கமில்லையா? மீனுக்குப் போடுத ஐஸு மனுசனுக்குக் கெடையாதா?" என்று அந்த அம்மாள் தன் கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "வந்தவுகளுக்கு வெந்த கலரு குடுக்க வீட்ல பொண்ணெடுத்தா, நம்ம வீட்டுக்கு வாரவுகளுக்கு என்ன கெடைக்கும்னு யோசிக்கணும் போலயே."

அத்தையின் முகம் செத்துப்போனது. காரணத்தைச் சொன்னால் உன் கல்யாணம் போகும், சொல்லாவிட்டால் மானம் போகும். எனக்கு ஆத்திரம் பொங்கியது, என் வாய்தான் உனக்குத் தெரியுமே. அதற்குள் நீ உள்ளே இருந்து வெளியே வந்துவிட்டாய், யாரும் கூப்பிடாமலேயே.

"எங்க அம்மாவ ஒண்ணும் சொல்லாதீக. எனக்கு இழுப்பு உண்டு. எனக்காகத்தான் இந்த வீட்ல பன்னெண்டு வருசமா யாரும் குளுந்தது தொடல."

"ஏளா!" என்று அத்தை அலறிவிட்டார்கள். அந்த அம்மாள் உன்னைப் பார்த்தார்கள், பிறகு அத்தையைப் பார்த்தார்கள்.

"நீங்களுமா குடிக்கல?"

"புள்ள பாத்துக்கிட்டு இருக்கும்போது எப்பிடி மதினி குடிக்க?"

அந்த அம்மாள் கலரை எடுத்து, ஒரே மூச்சில் அடி வரை குடித்துவிட்டு, பாட்டிலைத் தட்டில் வைத்தார்கள். "எங்க ஊரு கெணத்துத் தண்ணியும் இப்பிடித்தான் இருக்கும். இவளுக்கு ஒத்துக்கிடும்" என்றார்கள்.

அன்றைக்கு அடுப்படியில் உன் காதைப் பிடித்துத் திருகினேன். ஐஸுக்கும் இழுப்புக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டே ஏன் அப்படிச் சொன்னாய் என்று. "அம்மா அப்பிடி நிக்கும்போது டாக்டர் சொன்னதா மதினி ஞாபகம் வரும்?" என்று கேட்டாய்.

அதற்கான பலனை நீ அனுபவித்தாய். கல்யாணமாகிப் போன முதல் மாதமே கடிதம் வந்தது. 'மதினி, இங்கே என் மாமியார் மண்பானையை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். இன்னொரு வீட்டையும் கெடுத்துவிட்டேன். இனிமேல் உண்மையைச் சொன்னால், பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பொய் சொன்னவள் ஆவேன்' என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உன் அண்ணன் என்ன ஏது என்று பயந்தே போனார். அப்புறம் தூத்துக்குடிக்கு வரும்போதெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டு புதுக்கோட்டையில் இறங்குவாய். விஷயத்தை என் மூலமாகத் தெரிந்துகொண்ட அப்பா, உமிக்குள் கையை விட்டு எடுத்து நீட்டுவார்: "இந்தா தாயி, ஒனக்குன்னு கேஸ் கூட்டி அடிச்சது." வருஷத்துக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோதான். சாக்கின் மறைவில் உட்கார்ந்து நீ திருட்டுத்தனமாகக் குடிக்கிற அழகுக்கு அப்பா காத்துக்கிடப்பார்.

அத்தையின் விஷயத்தில் மட்டும் நமக்குள் சண்டை ஓயவே இல்லை. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஆரம்பிப்பேன். ஒரு தடவை, "உங்க அம்மா ஆசைய நீதான் சாகடிக்க" என்று சொல்லிவிட்டேன். நீ அப்படியே பஸ் ஏறிப் போனாய். ஆறு மாதம் கடிதம் இல்லை. அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு எரிகிறது. மன்னிப்புக் கேட்டதும் இல்லை. இப்போது கேட்கிறேன்.

எழுபத்தொன்பதில் அத்தை படுத்துவிட்டார்கள். சோறு இறங்கவில்லை, நாக்கெல்லாம் வறண்டு வெடித்திருந்தது. பிரியப்பட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்கு ஆள் அனுப்பினோம். நீ இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மத்தியான வெயிலில் புதுக்கோட்டை வழியாக வந்து சேர்ந்தாய். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு பொட்டலம். அதற்குள் ஒரு பன்னீர் கலர், கழுத்தில் கயிறு இல்லாதது.

அத்தையின் கட்டிலோரம் உட்கார்ந்து, அவர்கள் பார்க்கப் பார்க்கக் கோலியை அழுத்தினாய். பாதியைக் குடித்தாய். அத்தை பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தார்கள். "படும்மா, ஒண்ணும் ஆகாது" என்றாய். அவர்கள் கையை எடுத்து உன் நெஞ்சில் வைத்துக்கொண்டாய். அப்படியே உட்கார்ந்திருந்தாய். அவர்கள் உன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகு நேரம் போன பிறகு சொன்னாய்:

"எனக்கு முழுசாச் சரியாப் போச்சும்மா. நீ விட்டதுனாலதான் சரியாச்சு. நீ மட்டும் விடாம இருந்திருந்தா நான் இல்ல. இனி நீ குடி."

மிச்சப் பாதியை அவர்கள் வாயில் வைத்தாய். முதல் மிடறில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். வலிக்கிறதோ என்று நான் ஓடி வந்தேன். அத்தை சிரித்தார்கள். படுத்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்கள். "பல்லு கூசுதுளா" என்றார்கள். அப்புறம் என்னைத் தேடிப் பார்த்து, "உங்க அப்பா கலருதான? இப்பத்தான் பழையபடி சுர்ருன்னு இருக்கு" என்றார்கள்.

அதற்குப் பிறகு இருபது நாள் இருந்தார்கள். தினமும் ஒரு துண்டு ஐஸ், வெள்ளைத் துணியில் சுற்றி நான்தான் கொடுத்தேன். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் நீ உன் கட்சியை விட்டு என் பேச்சைக் கேட்டிருந்தால், அத்தை ஐந்து வருஷம் முன்னாலேயே ஐஸ் தின்றிருப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது. இரண்டில் எது பெரிது என்று எனக்கு இன்றுவரை தீரவில்லை. அந்தக் கட்டிலோரத்தில் நான் உன்னிடம் தோற்றேன் என்பது மட்டும் தெரியும். மகளைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவோடு ஒரு தாயை அனுப்பிவைத்தாய்.

எட்டு மாதத்துக்கு முன்னால், உன் கடைசி வாரத்தில், சாத்தான்குளத்துக்கு வந்தேன். உன் மகள் ஒரு டம்ளர் தண்ணீரை ஜன்னல் வெயிலில் வைத்து, விரலால் தொட்டுப் பார்த்து, கரண்டியால் உன் வாயில் விட்டுக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்குக் குளுந்தது ஆகாதுல்லா அத்தை" என்றாள். நான் உன்னைப் பார்த்தேன். உன்னால் பேச முடியவில்லை. தேர் அன்றைக்குப் பார்த்த மாதிரியே அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, தலையை லேசாக அசைத்தாய். அத்தனை கஷ்டத்திலும் உன் கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். உன்னைக் கட்டிப்பிடித்து அழக்கூட அவள் இருந்ததால் முடியவில்லை.

நேற்று சுவரில் இருந்த பாட்டில்களை அவள் போய்த் தொட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் என்று விட்டுவிட்டு வந்தாள். "அம்மா போன பொறவும் கை கேக்க மாட்டேங்கு அத்தை. வீட்ல எல்லாரும் இனி எதுக்குன்னு கேக்காங்க. எனக்குக் குளுந்தது எடுத்தா அம்மாவ விட்டுட்டுக் குடிக்க மாதிரி இருக்கு" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். உன் அம்மா உனக்காக விட்டதை, உன் மகள் உனக்காக விட்டுக்கொண்டிருக்கிறாள். அது பஞ்சுத் தூசியம்மா, ஐஸ் இல்லை என்று நான் எப்படிச் சொல்ல? அன்றைக்கு நீ பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் கேட்ட கேள்வி, ஐம்பது வருஷம் கழித்து அப்படியே என் மடியில் வந்து விழுந்தது.

அவள் எழுந்து போய் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டாள். இன்னொன்றைக் கையில் எடுத்தவள் என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லியே அத்தை. தொட்டியிலேர்ந்து குளுந்ததா ஒண்ணு எடுத்துட்டு வரட்டா?" என்று கேட்டாள்.

நான் கையை நீட்டி, வெயிலில் இருந்ததை வாங்கிக்கொண்டேன்.

"வேண்டாம்மா" என்றேன். "எங்க வீட்டுப் பழக்கம்."